மார்லிங் ஹவுஸில் மாப்பிள்ளை பார்த்தது

ஹவுன்ஸ்லோ
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சுகம் விசாரிப்பது பிறகு. நீங்கள் போய்ப் பார்க்கச் சொன்ன மார்லிங் ஹவுஸின் வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் முகம் தெரிகிற மாதிரி மரத்தரை. சுவர் முழுக்க ஆள் உயரப் படங்கள். ஒரு வீட்டுக்குள் சப்பாத்தோடு போக எனக்குக் கால் வரவில்லை. இடது சொக்ஸில் ஓட்டை வேறு. பெருவிரல் வெளியே வந்து படம் பார்த்துக்கொண்டு வந்தது. எனக்குப் பின்னால் வந்த ஒரு சீனக் குடும்பம் என்னைப் பார்த்துக் கழற்றியது. அவர்களைப் பார்த்து அடுத்த ஆட்கள். நான் மாடி ஏறி இறங்கி வர, வாசலில் பதினொரு சோடி. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரி ஓடிவந்து, உள்ளே தண்ணீர்க் குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று கேட்டாள்.

இன்னும் இருக்கிறது. முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போகலாமா என்று ஒரு பெரிய பிஸ்கட் பக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். படங்களுக்குக் காவலாகக் கதிரையில் இருந்த கிழவியிடம் நீட்டினேன். இது இலவசம், விரும்பினால் அந்தப் பெட்டிக்குள் போடுங்கள் என்றாள். பெட்டியின் வாய் சின்னது. பக்கெட் போகவில்லை. கடைசியில் அவளே வாங்கிக் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

இனிச் சுகம். நான், றொஷானி, மகள் லக்‌ஷிகா மூவரும் நலம். ஏர்போட்டில் பெட்டி ஏற்றி ஏற்றி என் தோள்மூட்டு மட்டும் தனியாக முனகுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். பத்து வருடமாகப் போனில் கதைக்கிற நீங்கள், திடீரென்று கடிதம் எழுதி, "லண்டனில் இப்படி ஒரு வீடு இருக்கிறது, இலவசம், படமும் தோட்டமும் பார்க்கலாம், பதிலைக் கடிதத்தில் மட்டும் எழுது, உன் வீட்டில் போன் எப்பவும் ஸ்பீக்கரில்" என்கிறீர்கள். படம் பார்க்கிற ஆளா நான்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தோட்டம் பார்க்கவில்லை, மழை.

உங்கள் தம்பி,
சுபாஸ்கரன்


டோர்ட்முண்ட்
13.03.2025

அன்புள்ள தம்பி சுபாஸுக்கு,

உன்ர தோளுக்கு ஒத்தடம் கொடு. நான் சுகம். உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றிவிட்டது.

வீட்டைப் பார்த்தாய், சரி. தோட்டத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாயே! நான் முக்கியமாகச் சொன்னது தோட்டத்தைத்தான். வியாழக்கிழமை போனால் நல்லதாம். அன்றைக்குத்தான் சம்பளம் வாங்காமல் உதவி செய்கிற ஆட்கள் வந்து நிற்பார்களாம். அவர்களில் எங்கடை ஆட்கள் யாரும் இருக்கிறார்களோ தெரியாது. சும்மாதான் கேட்கிறேன். உயரமாக, நரைத்த மீசையோடு, பச்சைத் தொப்பி போட்டு, இடது முழங்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற யாரையாவது கண்டால், ஆள் எப்படி, குணம் எப்படி என்று பார்த்து எழுது. கண்டால் மட்டும்.

ஏப்ரல் பதினோராம் திகதி அத்தானின் ஆண்டுத் திவசம். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. நீயும் அங்கே கோயிலில் அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்.

இந்தக் கடிதத்தை றொஷானிக்குக் காட்டாதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
அருமைநாயகி


ஹவுன்ஸ்லோ
28.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. சுகமில்லாத ஒருவர் இன்னொருவரின் மீசை, தொப்பி, முழங்கால் வரை விபரம் எழுதமாட்டார். பாஸ்போட் நம்பர் ஒன்றுதான் குறை.

நேற்று வியாழன், எனக்கு ஓஃப். போனேன். சப்பாத்தோடு. வீட்டுக்குப் பின்னால் ரோசாப் பாத்திகள், மதில் கட்டிய ஒரு மரக்கறித் தோட்டம், ஒரு குளம், குளம் நிறைய வாத்து. பச்சைத் தொப்பி ரோசாவுக்குக் கொப்பு வெட்டிக்கொண்டு நின்றது. நான் ஒன்றும் அறியாத பிள்ளைபோலப் பக்கத்து மர வாங்கில் போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் பொறுத்தார்.

"தமிழோ?"

"ஓம். நீங்களும் தமிழோ?"

"பின்னை? ஊரிலை எவடம்?"

"அரியாலை. நீங்கள்?"

"குருநகர். எட்வேட் எண்டு பேர். முந்திப் பாரிஸிலை பேக்கரி வைச்சிருந்தனான். இப்ப இஞ்சை ஹரோவிலை."

"நான் முந்தி ஜேர்மனி. பிறகுதான் இஞ்சாலை."

"ஓமோம். அப்ப அக்கா மட்டும் அங்கை தனியவோ?"

அக்கா என்ற சொல்லையே நான் வாயில் எடுக்கவில்லை. "எந்த அக்கா?" என்றேன். மனிசன் திரும்பி ரோசாவை வெட்டத் தொடங்கினார். அந்தச் செடி இந்த வருடம் பூக்காது.

பிறகு தேத்தண்ணி வாங்கித் தந்தார். வாத்துகளைப் பற்றி நிறையக் கதைத்தோம். ஒரு கறுத்த வாத்து இருக்கிறது, பெரிய சண்டியன். உங்களை மாதிரி மற்ற எல்லாரையும் கரைக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடும்.

ஐம்பத்தேழு வயது அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தம்பி இரண்டு பஸ் மாறிப் போனான் என்று ஏர்போட்டில் சொன்னால், பொடியள் பெட்டிகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பயப்படாதீர்கள், சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் நல்ல பகிடி.

எல்லோரும் நலம். றொஷானி உங்களைக் கேட்டதாகச் சொன்னாள்.

உங்கள் தம்பி,
சுபாஸ்


டோர்ட்முண்ட்
08.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் சுகம் வேண்டுகிறேன்.

உனக்குப் பகிடி. எனக்குப் பகிடி இல்லை. அதனால் நேரே எழுதுகிறேன்.

போன ஓகஸ்ட் இங்கே கேவலார் மாதா கோயில் திருவிழாவுக்கு வழமைபோலப் போனேன். சோற்றுப் பார்சல் வரிசையில் எட்வேட் எனக்குப் பின்னால் நின்றார். என்னோடு பார்சல் முடிந்துவிட்டது. கையில் இருந்ததைப் பாதி பிரித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் போனில் கதைப்பார். அவர் மனைவி காலமாகி ஆறு வருடம். ஜனவரியில் கேட்டார், மிச்சக் காலத்தைச் சேர்ந்து இருந்து கழிப்போமா என்று. அவர் மாதாவைக் கும்பிடுகிற ஆள், நான் பிள்ளையாரை. அதை அவர்கள் இரண்டு பேரும் பேசித் தீர்க்கட்டும். நான் சொன்னது ஒன்றுதான்: என் தம்பி சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

எனக்கு நீ ஒருவன்தான். ஒளித்து மறைத்து அனுப்பியது பிழை. நேரே கேட்க வெட்கமாக இருந்தது. ஆனால் நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், ரோசா, தேத்தண்ணி, வாத்து. அந்த மனிசன் நல்லவரா, கூடாதவரா என்று ஒரு வரி இல்லை.

ஒரு சொல்லில் பதில் எழுது.

அக்கா


ஹவுன்ஸ்லோ
21.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதினோராம் திகதி அத்தானுக்கு அர்ச்சனை செய்தேன். கணேசலிங்கம், கேட்டை நட்சத்திரம் என்று சரியாகச் சொன்னேன். பிரசாதத்தில் முந்திரிப்பருப்பு அதிகம், அத்தானுக்குப் பிடிக்கும்.

மார்லிங் ஹவுஸில் இரண்டாவது அறையில் ஒரு மீன் படம் இருக்கிறது. மேசை நிறைய மீன், பக்கத்தில் தேசிக்காய், கத்தி. முந்நூறு வருடப் படமாம். பக்கத்தில் நின்ற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணைப் பாரும், உள்ளுக்குப் போட்டுது. ரெண்டு நாள் மீன். படம் கீறினவனை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்" என்றார். பிஸ்கட் வாங்கிய கிழவி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். இப்போது அந்த அறைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் மீனின் கண்ணைக் காட்டுகிறாள்.

சண்டியன் வாத்து குஞ்சு பொரித்திருக்கிறது. ஒன்பது. அது பெட்டை என்று அப்போதுதான் தெரிந்தது.

மழை குறைந்திருக்கிறது. நீங்கள் சாப்பிடுகிறீர்கள்தானே?

தம்பி சுபாஸ்


டோர்ட்முண்ட்
12.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்.

உன் கடிதம் கிடைத்து ஏழு கிழமை. வாத்துக்குஞ்சு ஒன்பது என்பதை அறிந்தேன். கேட்டதற்குப் பதில் இல்லாததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன். எட்வேட்டுக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன், இது சரிவராது என்று. சரி என்றார். 

நீ மனதைப் போட்டுக் குழப்பாதே. உன்னில் கோபம் இல்லை. இங்கே வெயில் நன்றாக எறிக்கிறது. பல்கணியில் வைத்த மிளகாய்க்கன்று பூத்திருக்கிறது.

இனிப் போனிலேயே கதைக்கலாம். ஸ்பீக்கரில் கேட்கக் கூடாதது ஒன்றும் இல்லை.

அக்கா


ஹவுன்ஸ்லோ
19.06.2025

அன்புள்ள மச்சாளுக்கு றொஷானி எழுதுவது,

நாங்கள் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் நம்பவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் தம்பி உங்கள் கடிதங்களை அரிசி வாளிக்குள் ஒளித்து வைக்கிறார். இந்த வீட்டில் அரிசி எடுக்கிற ஆள் யார் மச்சாள்? நான்தானே! நாலும் வாசித்துவிட்டேன். முதலாவதில் கொஞ்சம் தவிடு.

இவர் உங்களுக்கு எழுதாததை நான் எழுதுகிறேன். மார்ச் மாதம் தொடங்கி ஒரு வியாழனும் இவர் வீட்டில் நின்றது இல்லை. விடியச் சாப்பாடு கட்டச் சொல்வார். "ஒராளுக்கோ?" என்று கேட்டால், "ரெண்டாள் சாப்பிடுற மாதிரிக் கட்டுமன், எனக்குப் பசி கூட" என்பார். பின்னேரம் முழங்கால் வரை சேற்றோடு வருவார். பெட்டி ஏற்றுகிற தோள்மூட்டுக்கு மண்வெட்டி பிடித்தால் சுகமாம். அந்த மனிசன் எப்படி வெட்டினார், என்ன சொன்னார் என்று லக்‌ஷிகாவுக்கு இரவு ஒன்பது மணி வரை கதை. "யாரப்பா அந்த அங்கிள்?" என்று பிள்ளை கேட்டால் தோட்டத்தில் ஒரு ஆள் என்பார்.

மனிசன் நல்லவர் மச்சாள். நான் ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு வாங்கில் இருந்து என் கத்தரிக்காய்க் கறியைத் தின்றுகொண்டிருந்தார்கள். பெரிய துண்டு எல்லாவற்றையும் அவர் இவருடைய பக்கம் தள்ளிவிட்டார்.

நேற்று உங்கள் கடைசிக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டு, "இதுக்குப் பதில் எழுதாமல் இந்த வீட்டிலை இனிச் சோறு இல்லை" என்றேன். இரவு கடைப் பாண் சாப்பிட்டார். இன்றைக்குப் பேனை தேடுகிறார்.

உங்கள் மச்சாள்,
றொஷானி


ஹவுன்ஸ்லோ
22.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். நாலு நாளாகப் பாண். அதனால் இந்தக் கடிதத்தில் வாத்து இல்லை.

ஒரு சொல்லில் கேட்டீர்கள். அந்தச் சொல் மார்ச்சிலேயே என்னிடம் இருந்தது. எழுத வரவில்லை. ஏன் என்று சொல்ல வெட்கம். ஆனாலும் சொல்கிறேன்.

நான் டோர்ட்முண்டுக்கு வந்த முதல் வருடம், அத்தான் என்னைப் பிட்சாக் கடையில் சேர்த்துவிட்டது நினைவிருக்கும். இவனுக்கு எல்லா வேலையும் தெரியும் என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. தன் வேலை முடித்து வந்து, பின் கதவால் நுழைந்து, மூன்று கிழமை என் கோப்பைகளையும் அவரே கழுவினார். உங்களுக்கு அது தெரியாது. சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவரை ஒருவரைத்தான் நான் அத்தான் என்று கூப்பிட்டிருக்கிறேன். நான் சரி என்று எழுதினால் அந்தச் சொல்லைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்த மாதிரி இருந்தது. அதுதான் வாத்தை எழுதினேன், மீனை எழுதினேன். மீன் படத்துக்குப் பக்கத்தில் நின்றது எட்வேட் அண்ணைதான்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அடுத்த வியாழனும் அவர் வேலைக்கு வந்தார். என்னில் ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பிரித்து வைத்தார். பிறகு போய் ஒரே பாத்தியை மூன்று தரம் கொத்தினார். அதில் முளைக்க விட்ட கீரையும் போய்விட்டது. பக்கத்தில் நின்ற இங்கிலீஸ்காரன், "உங்கள் நண்பருக்கு என்ன?" என்று கேட்டான். "எனக்குத்தான் ஏதோ" என்றேன்.

அக்கா, அவர் நல்லவர். எனக்குச் சரி. முழுச் சரி. நான் பதில் எழுதச் சுணங்கியது அவரில் பிழை இல்லை.

ஒரு யோசனை. ஊரில் பெண் பார்க்கிறதென்றால் வீட்டுக்குப் போகமாட்டார்கள், கோயிலில் தற்செயலாகக் கண்ட மாதிரிக் காண்பார்கள். சரிவராவிட்டால் ஒருவருக்கும் மரியாதை குறையாது. உங்கள் இரண்டு பேருக்கும் எந்தக் கோயில் என்று நான் மண்டையை உடைக்கத் தேவையில்லை. மார்லிங் ஹவுஸ் இருக்கிறது. அவர் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. முதலில் அவருக்குப் போன் எடுங்கள். பிறகு டிக்கட் போடுங்கள்.

சோறு கிடைக்க வேண்டி,
தம்பி சுபாஸ்


டோர்ட்முண்ட்
05.07.2025

என் தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம். றொஷானிக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு. உனக்குச் சோறு போடச் சொல்லிப் போனில் சொல்லிவிட்டேன்.

கோப்பை கழுவிய கதை எனக்குத் தெரியும். சத்தியம் வாங்கிய அன்றைக்கு இரவே அத்தான் என்னிடம் சொல்லிவிட்டார். அவருக்கு எங்கே இரகசியம் நின்றது!

எட்வேட்டுக்குப் போன் எடுத்தேன். ஹலோ என்றேன், அருமை என்றார். பிறகு மூக்குச் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. தடிமன் பிடித்திருக்கிறது என்றார். ஜூலை மாதத்தில்.

கேவலார்த் திருவிழா முடிய வருகிறேன். ஓகஸ்ட் பதினாலு, வியாழன். சிவப்புச் சேலையா, நீலமா என்று றொஷானியைக் கேட்டுச் சொல். தற்செயலாகக் காணுகிற ஆள் என்ன நிறத்தில் வரலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும். அவரை நீ என்னவென்று கூப்பிட வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். எட்வேட் அண்ணை என்றே கூப்பிடு. அத்தானுக்கு உரியது அத்தானோடு இருக்கட்டும். எனக்கு அது குறை இல்லை.

அக்கா


ஹவுன்ஸ்லோ
09.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தது, வீடு விடப்போவதாக வீட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுத்தது, எல்லாம் அறிந்து சந்தோசம். இங்கே நாங்கள் நலம். விசாப் பேப்பர் முழுக்க லக்‌ஷிகா கையில். இதுவரை நாற்பத்திரண்டு கேள்வி நிரப்பியிருக்கிறாள். நீங்கள் இருவரும் உண்மையாகவே பழகியவர்கள் என்று காட்ட ஒன்றாக எடுத்த படம் வேண்டுமாம். குளக்கரையில் நீங்கள் நீலச் சேலையோடு நிற்க, அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பின்னால் நின்று வாய் பிளந்து அழுகிற ஆள் நான். வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.

பிஸ்கட் கிழவி உங்களைக் கேட்டாள். அன்றைக்கு வாசலில் வழி கேட்ட மாதிரி நீங்கள் நடித்ததையும், வழி சொல்ல வந்த எட்வேட் அண்ணை தன் பெயரையே மறந்ததையும் அவள் முழுதாகப் பார்த்தவள். ஒவ்வொரு வருடமும் இப்படி ஏதாவது வைப்பீர்களா என்று கேட்டாள்.

போன வியாழன் நான் தோட்டத்துக்குப் போக, அவர் குளத்தின் கரைக்கல்லில் நின்று நீண்ட வாரியால் பாசி இழுத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுப் பையோடு வாங்கில் இருந்தேன். பசி. சாப்பிட வரச் சொல்லி எட்வேட் அண்ணை என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். நானாக யோசித்துச் செய்யவில்லை அக்கா. வேறு சொல் வந்துவிட்டது. "அத்தான், சாப்பிட வாங்கோ!" என்றேன்.

வேறு விசேசம் இல்லை. றொஷானியும் லக்‌ஷிகாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். குளிர் தொடங்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

உங்கள் தம்பி,
சுபாஸ்கரன்

பி.கு.: நான் கூப்பிட்டதும் அத்தான் சட்டென்று திரும்பினார். குளத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். மூக்குக்கண்ணாடி அன்றைக்கே கிடைத்தது. நாலைந்து நாளாக வீடியோவில் முகம் காட்டாததற்குக் காரணம் போன் பழுது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார். போன் நன்றாக இருக்கிறது. மேல் வரிசைப் பொய்ப்பல்லை வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டார்கள். கீழ் வரிசைக்காக வருகிற வியாழன் குளத்தை இறைக்கிறார்கள்.